ஒத்திகைப் பலகை: ஊர் நாடகக் குழுவுக்கு முழுமையான வழிகாட்டி

குழுவில் புதிதாகப் பொறுப்பெடுக்கும் தம்பி தங்கச்சிமார் முதல் நாளே ஒரு பலகையை வாங்கி, "நாளை ஒத்திகை 4 மணி, எல்லோரும் வரவும்" என்று எழுதி மாட்டிவிடுகிறார்கள். ஒரு கிழமை போனால் அந்தப் பலகையை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிழை பலகையில் இல்லை, வேலையின் வரிசையில்தான் இருக்கிறது. பலகை மாட்டுவது ஐந்தாவது வேலை. அதற்கு முன் நான்கு வேலை இருக்கிறது, அவற்றைச் செய்யாமல் மாட்டிய பலகையில் எழுதுவதற்கு உண்மையான தகவல் எதுவும் கையில் இருக்காது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி என்று வன்னிக்குள் நாடகம் போடுகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் நடிகர்கள் ஒரே தெருவில் இருப்பவர்கள் இல்லை. விசுவமடுவிலிருந்து ஒருவர், புதுக்குடியிருப்பிலிருந்து இருவர், உள்வீதியால் சைக்கிளில் வரும் நான்கு பள்ளிப் பிள்ளைகள் என்று சேருகிறோம். ஒரு பிழையான தகவலால் ஒரு ஆளுக்கு ஒரு பின்னேரமே போய்விடும். வயலில் நிற்க வேண்டிய பின்னேரம் அது.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

நாடகப் பிரதி ஒன்று, பக்க எண் போட்டது. எல்லோருடைய பிரதியிலும் ஒரே பக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோக்கொப்பி எடுக்கும்போது ஒரு பக்கம் தவறிப்போனால், "12ஆம் பக்கத்திலிருந்து" என்று எழுதும்போது பாதிப் பேர் வேறு இடத்தில் நிற்பார்கள்.

80 பக்கக் கொப்பி ஒன்று, ஏ4 தாள், கறுப்புக் குமிழ்முனைப் பேனை, சிவப்பு மார்க்கர் ஒன்று, குண்டூசி, தெளிவான பொலித்தீன் உறை, பழைய தாள்களைப் போட்டுவைக்க ஒரு பைல். மண்டபத் திறப்பு யாரிடம் இருக்கிறது, எந்தெந்த நாளில் மண்டபம் வேறு கூட்டத்துக்குக் கொடுபட்டிருக்கிறது என்ற விபரமும் வேண்டும். இதை வாசிகசாலைத் தலைவரிடமோ கிராம சேவகரிடமோ நேரில் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போனில் கேட்டால் "பிரச்சினை இல்லை, வாங்கோ" என்றுதான் பதில் வரும். நேரில் போனால்தான் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வார்கள்.

1. ஒரே ஒரு கையெழுத்து

பலகையில் எழுதும் உரிமை ஒருவருக்கு மட்டும். நெறியாளர் அந்த ஆளாக இருக்கக்கூடாது, முக்கிய வேடம் போடுகிறவரும் கூடாது. நெறியாளருக்கு ஒத்திகை முடியும்போது மனம் முழுக்க அடுத்த காட்சியில் இருக்கும், நடிகருக்குத் தன் வசனத்தில் இருக்கும். மேடை முகாமையாளர் என்று ஒருவரை வையுங்கள், அவர் சுகமில்லாமல் போனால் எழுத இன்னொருவரையும் இப்போதே சொல்லிவையுங்கள்.

ஒருவர்தான் என்று ஏன் இறுக்கமாகச் சொல்கிறேன் என்றால், நெறியாளர் ஒருவரிடம் வாயால் "நாளைக்கு அஞ்சு மணிக்கு வா" என்று சொல்லி, பலகையில் நாலரை என்று இருந்தால், அந்த ஆள் அடுத்த நாளிலிருந்து இரண்டையும் நம்பமாட்டார். வாயால் சொன்னது கணக்கில்லை, பலகையில் இருப்பதுதான் கணக்கு என்பதை முதல் கூட்டத்திலேயே நெறியாளர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அண்ணாவியார் (கூத்து ஆசிரியர்) வைத்துப் பழக்கும் கூத்து என்றால் அவரிடம் இதை மரியாதையோடு, தனியாக, முன்கூட்டியே பேசுங்கள். "ஐயா, நீங்கள் சொல்லுறதை நான் எழுதிப் போடுறன், உங்களைக் கேட்காமல் ஒன்றும் எழுதமாட்டன்" என்று சொன்னால் போதும். அவர் காலம் முழுக்க வாயால் அழைத்தே கூத்துப் பழக்கியவர். அவருடைய சொல்லை ஊருக்குக் கொண்டுபோகத்தான் பலகை வருகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

2. ஆட்களின் நேரத்தை எடுத்தல்

எல்லோரும் தவறும் இடம் இது. "எத்தனை மணிக்கு வருவீங்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது அரைவாசிக் கேள்விதான். "எத்தனை மணிக்குப் போக வேணும்?" என்பதைக் கேளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அது போனால் யார் ஏற்றிக்கொண்டு போவார்கள், அந்த வீதியில் பொழுதுபட்டால் யானை வருமா, பெண்பிள்ளை என்றால் வீட்டில் எத்தனை மணிக்குத் தேடுவார்கள். இந்த நான்கையும் கேட்டால்தான் ஒத்திகை எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று தெரியும். முடியும் நேரம் தெரிந்த பிறகுதான் தொடங்கும் நேரத்தை வைக்க முடியும்.

கொப்பியில் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், பாத்திரம், தொடர்பு, எப்படி வருவார், எப்படிப் போவார், வரவே முடியாத நாட்கள். அந்தக் கடைசி வரிக்கு இடம் கூட விடுங்கள், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அது நீளும். காலபோகம் என்றால் விதைப்பு, பிறகு தை மாசியில் அருவி வெட்டு. சிறுபோகம் என்றால் ஆடி ஆவணியில் வெட்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சில உள்வீதிகளால் வரவே முடியாது. முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போகிறவர் இரவு போய் விடிய வருவார், பகலில் நித்திரை கொள்ள வேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு சிப்ட் மாறும். எந்தக் கிழமை எந்த சிப்ட் என்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு ரியூசன், தவணைப் பரீட்சை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையில் ஒத்திகை வைக்கவே நினைக்காதீர்கள். முள்ளியவளைப் பக்கத்து ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள், வரச்சொல்லிக் கேட்பதும் சரியில்லை.

இதைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். எல்லோருக்கும் முன்னால் "எனக்குக் கஷ்டமில்லை" என்று சொல்லிவிட்டு, மூன்றாவது நாள் நின்றுவிடுவார்கள்.

3. நாடகத்தைத் துண்டு துண்டாக உடைத்தல்

ஒத்திகை அட்டவணைக்குக் காட்சி என்ற அளவு பெரிது. ஒரு காட்சியில் பதினொரு பேர் வந்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் மேடையில் நிற்பதில்லை. பிரெஞ்சு செவ்வியல் நாடகங்களை அச்சடிக்கும்போது ஒரு பாத்திரம் உள்ளே வந்தாலோ வெளியே போனாலோ புதுக் காட்சி என்று எண் போடுவார்கள். வெளிநாடுகளில் பல மேடை முகாமையாளர்கள் அந்த முறையை ஒத்திகைக்கு எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் அதையே செய்யலாம்.

உதாரணத்துக்கு வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நாடகம் போடுகிறீர்கள் என்று வையுங்கள், மூன்றாம் காட்சி கோட்டை முன்னால் நடக்கிறது. முதலில் வீரர்கள் நால்வர். அது 3அ. பண்டாரவன்னியன் வரவு, அதிலிருந்து 3ஆ. வீரர்கள் போக, ஒற்றன் வந்து அவருடன் தனியே பேசுவது 3இ. இப்போது பாருங்கள்: 3இ பழகுவதற்கு இரண்டு பேர் போதும். மற்றவர்களை அந்த முக்கால் மணித்தியாலம் சுவரோடு இருத்திவைக்க வேண்டியதில்லை.

ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். மேலே துண்டுகளின் எண், இடப்பக்கம் பாத்திரங்கள். வருகிற இடத்தில் புள்ளி. வசனமில்லாமல் நிற்பவருக்கும் புள்ளி உண்டு, இதைத்தான் மறக்கிறார்கள். ஈட்டியோடு பின்னால் நிற்கும் பையனுக்கு வசனம் இல்லை என்று புள்ளி போடாமல் விட்டால், அவன் இல்லாமலே மேடை அசைவு பழகுப்படும், கடைசிக் கிழமை அவன் வந்து நிற்க இடமிருக்காது. ஒருவர் இரண்டு வேடம் போட்டால் இரண்டு வரிசைகளையும் ஒரே நிறக் கோட்டால் இணையுங்கள். அப்போதுதான் ஒரே நேரத்தில் இரண்டு அறையில் அவரைக் கூப்பிட மாட்டீர்கள்.

கூத்து என்றால் கட்டத்தில் இன்னும் இரண்டு வரிசை சேரும், மத்தளமும் பிற்பாட்டும் (ஆடுகிறவர் பாடுவதைப் பின்னால் நின்று திரும்பப் பாடுவோர்). பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டு இருக்கும் ஒவ்வொரு துண்டிலும் இரண்டுக்கும் புள்ளி விழும். மத்தளக்காரருக்குத் தகவல் போகாமல் பத்துப் பேர் ஆடுவதற்குக் காத்து நின்ற பின்னேரங்களைக் கண்டிருக்கிறேன், நடிகர் பட்டியலில் அவர் பெயர் இல்லாததுதான் காரணம்.

4. மூன்று அட்டவணை

முழுக்காலத்துக்கு ஒன்று, கிழமைக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று. முழுக்கால அட்டவணையில் நாட்களும் "இந்தக் கிழமை 1 முதல் 3 வரை, பிரதி இல்லாமல்" என்ற அளவும் போதும், அதைப் பென்சிலால் எழுதுங்கள். கிழமை அட்டவணையில் எந்தத் துண்டு, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. அது ஞாயிறு பின்னேரத்துக்குள் பலகையில் ஏற வேண்டும், ஏனென்றால் திங்கள் விடிய வேலைக்குப் போகிறவர் அதற்கு முன் லீவு சொல்ல வேண்டும். நாளுக்கான தாளைப் பற்றி ஏழாவதில் விரிவாகச் சொல்கிறேன்.

புதியவர்கள் இரண்டு மாதத்துக்கும் மணிக்கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், மூன்றாம் கிழமையில் ஒரு மழை வந்தால் முழுவதும் பிழையாகிவிடும், பிழையான தாள் பலகையில் தொங்கும். தூரத்தில் இருப்பதை மங்கலாகவும் கிட்ட இருப்பதைத் துல்லியமாகவும் எழுதுங்கள்.

5. பலகையும் அதை மாட்டும் இடமும்

ஒரு மீற்றர் அகலம், அதில் முக்கால் உயரம் போதும். மெல்லிய பலகையில் ரெஜிபோம் (தெர்மோகோல்) ஒட்டி, மேலே துணி இழுத்துக் கட்டினால் குண்டூசி நன்றாகப் பிடிக்கும். வகுப்பறைக் கரும்பலகையைப் பாவிக்க வேண்டாம். அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் அழித்துவிடுவார்கள், அது அவர்களுடைய பலகை. தாளைப் பசையால் சுவரில் ஒட்டவும் வேண்டாம். கிழித்தெடுக்க முடியாது, பசைக்குக் கரப்பான் வரும், மண் சுவர் என்றால் கறையானும் ஏறும். மழைக்காலத்தில் ஜெல் பேனை எழுத்து கரைந்து ஓடும், குமிழ்முனைப் பேனை எழுத்து நிற்கும். தாளை எப்போதும் பொலித்தீன் உறைக்குள் வையுங்கள், உறையின் திறந்த வாய் கீழ்ப்பக்கம் இருக்கட்டும். மேலே திறந்திருந்தால் தூவானத் தண்ணீர் உள்ளேயே தேங்கும்.

இடத்துக்கு ஒரே கேள்விதான்: எல்லோரும் கட்டாயம் கடந்து போகும் இடம் எது? பெரிய அரங்குகளில் நடிகர் நுழையும் பின்வாசலோடு பலகை இருப்பது அதனால்தான். எங்கள் மண்டபங்களுக்குப் பின்வாசல் என்று ஒன்று இருப்பதில்லை. இரண்டு நாள் நின்று பாருங்கள். ஒருவர் வந்ததும் சைக்கிளை எங்கே நிறுத்துகிறார், எங்கே கால் கழுவுகிறார், தேத்தண்ணிக் கேத்தல் எங்கே இருக்கிறது. அந்த வழியில், கூரைக்குள், வெளிச்சம் விழும் சுவரில் மாட்டுங்கள். நெறியாளரின் மேசைக்குப் பின்னால் மாட்டினால் பிள்ளைகள் கிட்டப் போகமாட்டார்கள்.

உயரம் தாளின் நடுப்பகுதி நாலரை அடியில் இருந்தால் பெரியவர்களுக்கும் பதினொரு வயதுப் பிள்ளைக்கும் சரிவரும். அதைவிடக் கீழே இறக்க வேண்டாம், திறந்த விறாந்தை என்றால் ஆடு தாளைத் தின்றுவிடும்.

வீதியால் போகிறவருக்கும் இந்தப் பலகை தெரியும் என்பதை மறக்காதீர்கள். அதனால் போன் நம்பர் எதுவும் அதில் போடக்கூடாது, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுடையது. யார் எந்த நேரம் தனியே போகிறார் என்று வெளியாள் வாசித்து அறியும்படி எழுதவும் கூடாது. நான் ஆட்களின் பெயருக்குப் பதிலாகப் பாத்திரத்தின் பெயரை எழுதுவது இதனால்தான். இரண்டு வேடம் போடுபவருக்கு இரண்டு பாத்திரத்தையும் எழுதுவேன்.

6. பலகையைப் பிரித்தல்

நடுவில், கண்ணுக்கு நேரே, அடுத்த ஒத்திகைத் தாள். அதற்கு இடப்பக்கம் கிழமை அட்டவணை. வலப்பக்கம் கையொப்பத் தாள், பக்கத்தில் கயிற்றில் கட்டிய பேனை. மேலே ஒரு வெற்றிடம், அது மாற்றத்துக்கு மட்டும். கீழே உடுப்பு அளவெடுப்பு, கொண்டுவர வேண்டிய பொருட்கள், பயண ஒழுங்கு.

மேலே இருக்கும் அந்த வெற்றிடம் சும்மா கிடக்கிறதே என்று யாராவது கோயில் திருவிழா நோட்டீஸை ஒட்ட வருவார்கள். விடாதீர்கள். அது வெறுமையாக இருக்கும்போதே "மாற்றம் ஒன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பிற நோட்டீஸ்களுக்கு வேறு சுவர் காட்டுங்கள்.

ஒவ்வொரு தாளும் எப்போதும் அதே இடத்தில்தான். இரண்டு கிழமையில் ஆட்கள் வாசிப்பதற்கு முன்பே இடத்தைப் பார்த்து அறிந்துகொள்வார்கள்.

7. ஒத்திகைத் தாளை எழுதுதல்

நான் எழுதும் தாள் ஒன்றை அப்படியே தருகிறேன்:

ஒத்திகைத் தாள் 14
சனிக்கிழமை, ஜூன் 14
இடம்: வாசிகசாலை மண்டபம்
பி.ப. 3.30: வீரர்கள் நால்வர், மத்தளம். துண்டு 3அ
பி.ப. 4.15: மேலே உள்ளவர்களுடன் பண்டாரவன்னியன். துண்டு 3ஆ
பி.ப. 5.00: வீரர்களும் மத்தளமும் போகலாம். பண்டாரவன்னியன், ஒற்றன். துண்டு 3இ
பி.ப. 5.45: முடிவு
கொண்டுவர: வீரர்கள் ஆளுக்கு ஒரு நீளத்தடி, சாரம் வேண்டாம், காற்சட்டை
அன்று தேவையில்லை: காக்கைவன்னியன், தங்கை, வெள்ளைக்காரத் தளபதி
எழுதியது: வியாழன், ஜூன் 12, பி.ப. 6.30. (கையொப்பம்)

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. தாள் எண் இல்லாவிட்டால் இரண்டு தாள்களில் எது புதிது என்று தெரியாது. நாளும் திகதியும் இரண்டும் வேண்டும், ஏனென்றால் ஒன்று பிழைத்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். "சனி, ஜூன் 13" என்று தவறி எழுதினால் யாராவது வந்து கேட்பார்கள். வெறுமனே "13" என்று எழுதினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், அரைவாசிப் பேர் வெள்ளிக்கிழமை வந்து நிற்பார்கள்.

"நாளை" என்ற சொல்லை முற்றாக விடுங்கள். பொறுப்பெடுத்த முதல் வருடம் நான் செவ்வாய்க்கிழமை எழுதி மாட்டிய ஒரு தாளில் "நாளை 4 மணி" என்று இருந்தது. புதன் ஒத்திகை நடந்து முடிந்தது, இரவாகிவிட்டதால் தாளைக் கழற்றாமல் போய்விட்டேன். வியாழன் காலையில் அந்த வழியால் போன ஒரு அம்மா அதை வாசித்து, மகளிடம் சொல்லி, அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை ரியூசனை விட்டுவிட்டுத் தருமபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பூட்டிய மண்டபத்து வாசலில் ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறாள். பிறகு அந்தச் சொல்லை நான் பலகையில் எழுதவே இல்லை.

"எல்லோரும்" என்பதும் அப்படித்தான். எல்லோரும் என்றால் உடுப்புத் தைப்பவருமா, மத்தளக்காரருமா? முழு நாடகமும் ஓட்டும் நாளில்கூடப் பாத்திரங்களின் பட்டியலை எழுதுங்கள். "4 மணியளவில்" என்று எழுதினால் நாலரைக்குத்தான் வருவார்கள், அதில் அவர்களுடைய பிழை ஒன்றுமில்லை, தாள்தான் அந்த இடத்தைக் கொடுத்தது.

"அன்று தேவையில்லை" என்ற வரியைப் பலர் வீண் என்பார்கள். அது என் கண்ணுக்கு மிக முக்கியமான வரி. தன் பெயர் இல்லாத தாளைப் பார்க்கும் ஆளுக்கு, மறந்துவிட்டார்களா, வர வேண்டாமா என்ற சந்தேகம் வரும். அந்த வரி அவரை நிம்மதியாக வயலுக்கு அனுப்பும்.

முடிவு நேரத்தை எழுதினால் அதைக் காப்பாற்றுங்கள். 5.45 என்று எழுதிவிட்டு 6.20 வரை இழுத்தால் பஸ் போய்விடும், ஒரு தந்தை மோட்டார் சைக்கிளில் தேடி வருவார், அடுத்த கிழமை அந்தப் பிள்ளையை அனுப்பமாட்டார். நெறியாளர் "இன்னும் ஒரு தரம்" என்று கேட்கும்போது மணிக்கூட்டைக் காட்டுவது உங்கள் வேலை. 5.30க்கே ஒருமுறை மெதுவாகச் சொல்லிவையுங்கள்.

8. கையொப்பத் தாள்

வந்ததும் ஒவ்வொருவரும் தன் கையால் ஒப்பமிட வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் போடக்கூடாது. அமெரிக்காவில் தொழில்முறை நடிகர்களுக்கான ஈக்குவிட்டி சங்கத்தின் அரங்குகளிலும் இதே விதிதான், நண்பருக்காகப் போட்டுக்கொடுப்பது அங்கே குற்றம். காரணம் எளிது: கையொப்பம் வருகைப் பதிவுக்காக மட்டும் இல்லை. தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்னால் நீங்கள் அந்தத் தாளைப் பார்த்து, வெறுமையாக இருக்கும் கட்டத்துக்கு உரியவரைத் தேடத் தொடங்க வேண்டும். சிநேகிதி போட்டுவிட்ட கையொப்பம், பஸ்ஸில் ஏறாமல் வீதியில் நிற்கும் ஒரு பிள்ளையை உங்கள் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

கையொப்பத் தாளை ஒத்திகைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்ததற்கும் இதுதான் காரணம். ஒப்பமிட வருகிறவர் அடுத்த தாளையும் வாசித்துவிட்டுத்தான் போவார்.

9. மாற்றம் வந்தால்

வரும். மண்டபத்தில் திடீரென்று கூட்டம் வைப்பார்கள், மழை பெய்யும், ஒரு செத்தவீடு நடக்கும். அப்போது செய்ய வேண்டியது இந்த வரிசையில்:

முதலில், மாற்றத்தால் யார் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று மூன்றாவதில் போட்ட கட்டத்தில் பாருங்கள். பிறகு மிகத் தூரத்திலிருந்து வருகிறவருக்கு முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் அவர்தான் முதலில் வீட்டிலிருந்து வெளிக்கிடுவார். எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகு புதுத் தாள் எழுதுங்கள், எண் 14 என்றிருந்தது 14அ ஆகும், மேல் மூலையில் சிவப்பில் "மாற்றம்", மாறிய வரிக்கு மட்டும் கீழே சிவப்புக் கோடு. பழைய தாளைக் கழற்றிப் பைலில் போடுங்கள்.

பழைய தாளின் மேலேயே வெட்டித் திருத்துவது பெரும்பாலானோர் செய்யும் பிழை. வெட்டியது யார், எப்போது வெட்டினார் என்று தெரியாது. விளையாட்டாக ஒரு பிள்ளை 4ஐ 5 ஆக்கினாலும் தெரியாது. பழைய தாளைக் கிழித்தெறியவும் வேண்டாம். "நான் பார்த்தபோது நாலரை என்றுதான் இருந்தது" என்று ஒருவர் சொன்னால், எடுத்துப் பார்த்து அவர் சொல்வது சரியென்றால் சரி என்று சொல்ல வேண்டும்.

ஒத்திகைக்கு முதல் நாள் பின்னேரம் 7 மணிக்குப் பிறகு மாற்றம் செய்வதில்லை என்று ஒரு எல்லை வையுங்கள். அதற்குப் பிறகு மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொருவரிடமும் வாயால் பேசி "சரி" என்று பதில் வாங்க வேண்டும். அனுப்பினேன் என்பது போதாது.

10. போன் பலகைக்குப் பின்னால்தான்

எங்கள் குழுக்கள் எல்லாவற்றிலும் இப்போது வைபரோ வட்ஸ்அப்போ இருக்கிறது. பிறகு பலகை எதற்கு என்று கேட்கிறார்கள். உள்ளூர்களில் சிக்னல் இல்லாத வீடுகள் உண்டு, டேட்டா முடிந்தால் அடுத்த ரீலோட் வரை செய்தி வராது, பல பிள்ளைகளிடம் சொந்தப் போன் இல்லை, அப்பாவின் போன் அப்பாவோடு வயலில் இருக்கும். அதைவிட, குழுவுக்குள் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் இடையில் ஒத்திகை நேரம் மேலே போய் மறைந்துவிடும்.

அதனால் முதலில் பலகையில் எழுதுங்கள், பிறகு அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் போனில் அனுப்பிவிட்டு "பிறகு எழுதுவம்" என்று விட்டால் பலகை ஒருநாள் பின்தங்கும். போட்டோவோடு அதே தகவலை நான்கு வரியில் தட்டச்சும் செய்யுங்கள், சிக்னல் குறைந்த இடத்தில் படம் திறக்காது, எழுத்து வந்துவிடும். குரல் பதிவு வேண்டாம். அதில் நேரத்தைத் தேடிப் பிடிக்க முழுவதையும் திரும்பக் கேட்க வேண்டும், பஸ்ஸுக்குள் அது முடியாது.

தகவலுக்கு என்று தனிக் குழு ஒன்று, அதில் எழுதுகிறவர் நீங்கள் மட்டும். மற்றவர்கள் பேச வேறு குழு இருக்கட்டும்.

போன் இல்லாதவருக்கு ஒரு ஆளைக் கட்டிவிடுங்கள். அதே ஊர் அக்காவோ அண்ணையோ, அவர் வீட்டு வழியால் போகிறவர். கொப்பியில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் "தகவல்: இன்னாரூடாக" என்று எழுதுங்கள், சொன்னவர் "சொல்லிவிட்டேன்" என்று உங்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கிலி அறுவது எப்போதும் அந்தக் கடைசி வளையத்தில்தான்.

11. ஒத்திகை முடிந்ததும்

அரைப் பக்கம் எழுதுங்கள்: எந்தத் துண்டு பழகியது, எத்தனை நிமிடம் எடுத்தது, யார் வரவில்லை, உடுப்புக்காரருக்கும் காட்சியமைப்பவருக்கும் ஒளி போடுபவருக்கும் என்ன புதிதாகத் தேவைப்பட்டது. "3ஆவில் பண்டாரவன்னியன் முழந்தாளில் இருக்கிறார், உடுப்பு இறுக்கக்கூடாது" என்பது மாதிரி. அந்தக் குறிப்பின் பிரதி பின்னணி வேலைக்காரருக்குப் போக வேண்டும், அவர்கள் ஒத்திகையில் இருப்பதில்லை.

நடிப்புக் குறை எதையும் பலகையில் போடக்கூடாது. "வசனம் பாடமில்லை" என்று ஒரு பிள்ளையின் பாத்திரப் பெயரோடு எழுதினால் ஊரே வாசிக்கும், அந்தப் பிள்ளை திரும்பி வராது. அதை நெறியாளர் தனியே சொல்லட்டும்.

12. வெள்ளுடுப்பும் நாடக நாளும்

அரங்கேற்றத்துக்கு முன் முழுவதையும் ஆடிப் பார்க்கும் வெள்ளுடுப்பு நாளிலிருந்து பலகை மண்டபத்தில் இருக்கக்கூடாது, ஒப்பனைக் கொட்டிலுக்குப் போக வேண்டும். எல்லோரும் இப்போது அங்கேதான் கூடுகிறார்கள். அங்கே வெளிச்சம் போதாது, எழுத்தைப் பெரிதாக்குங்கள், டோர்ச் ஒன்றைப் பலகையோடு கட்டிவிடுங்கள்.

பலகையில் இப்போது நான்கு தாள்தான்: கையொப்பம், நேர ஒழுங்கு, காட்சி வரிசை, பயண ஒழுங்கு. காட்சி வரிசையில் யார் எந்தப் பக்கத்தால் உள்ளே போகிறார் என்று போடுங்கள். பயண ஒழுங்கில் நாடகம் முடிந்ததும் எந்த வாகனத்தில் யார் என்று, இரவு நேரம் என்பதால் ஒரு பிள்ளையும் விடுபடாமல். இந்தத் தாளில் மட்டும் உண்மைப் பெயர் எழுதுவேன், பலகை உள்ளே இருப்பதால்.

நேர ஒழுங்குக்கு லண்டன் அரங்குகளின் கணக்கு நன்றாக உதவுகிறது. அங்கே "அரை மணி" என்று கூப்பிடுவது நாடகம் தொடங்குவதற்கு 35 நிமிடம் முன்னால், "கால் மணி" என்பது 20 நிமிடம் முன்னால், "ஐந்து" என்பது 10 நிமிடம் முன்னால். கடைசியாக 5 நிமிடம் இருக்கும்போது முதல் காட்சி நடிகர்களை மேடைப் பக்கத்துக்குக் கூப்பிடுவார்கள். நேரமெல்லாம் இந்தக் கடைசி அழைப்பை நோக்கித்தான் எண்ணப்படுகிறது, அதனால்தான் ஐந்து ஐந்து நிமிடம் கூடுகிறது. எங்கள் மேடையில் தொடங்கும் நேரம் பிரதம விருந்தினரின் வருகையோடு தள்ளிப்போகும். ஆகவே மணியை எழுதாமல் "தொடக்கத்துக்கு 35 நிமிடம் முன்" என்று எழுதிவிட்டு, தொடக்கம் உறுதியானதும் மணியை சிவப்பில் பக்கத்தில் போடுங்கள். ஒப்பனை போட்ட பிள்ளை வியர்வையில் இரண்டு மணித்தியாலம் காத்திருப்பது இதனால் குறையும்.

பொலிஸில் எடுத்த ஒலிபெருக்கி அனுமதியின் பிரதியையும் பலகையில் ஒரு மூலையில் குத்திவையுங்கள். யாராவது வந்து கேட்டால் தேடி ஓட வேண்டியதில்லை. அனுமதி எத்தனை மணி வரை என்பதும் எல்லோர் கண்ணிலும் இருக்கும்.

நாடகம் முடிந்ததும் கையொப்பத் தாளின் மறுபக்கத்தில் இரண்டாவது பட்டியல் வேண்டும்: உடுப்பு, முடி, வாள், சதங்கை திரும்பக் கொடுத்ததற்கு ஒப்பம். அதை நாடகத்துக்கு முதல் நாளே கோடு போட்டு வையுங்கள், இரவு பன்னிரண்டு மணிக்கு ஒருவராலும் கோடு போட முடியாது. கடைசி வாகனம் போன பிறகு பயண ஒழுங்குத் தாளை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் "வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு" என்று செய்தி வந்ததும் ஒரு சரி போடுங்கள். எல்லாப் பெயருக்கும் சரி விழுந்த பிறகு பலகையைக் கழற்றுங்கள்.